கொக்கேந்தல் கண்மாய்க் குழுவின் வடகடல் பயணம்

தமிழன் கப்பலேறிக் கடாரம் வரை போனான் என்பது பழைய செய்தி. அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் விஷயத்தில் நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்ற குறை இருந்தது. அந்தக் குறையை இந்த ஆண்டு திருச்சுழிப் பக்கம் கொக்கேந்தல் கிராமத்தின் கண்மாய்ப் பாதுகாப்புக் குழு தீர்த்து வைத்தது. நானே சொன்னால் தற்புகழ்ச்சி ஆகிவிடும். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் குழுவின் செயலாளர் நான்.

கடலுக்கும் கொக்கேந்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீருக்கும் எங்களுக்குமே சம்பந்தம் குறைவு. ஐப்பசியில் பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்துக்கொண்டு தை வரை ஒப்பேற்றுவோம். போன மழைக்கு மடையின் இரும்புக் கதவு துருப்பிடித்துப் பிய்த்துக்கொண்டு போனதால், நிறைந்த கண்மாய் ஐந்தே நாளில் ஓடையில் ஓடி முடிந்தது. கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த சீமைக்கருவேல மரங்களைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு ஏலம் விட்டு, புதுக் கதவு போடுவதற்கென்றே நிதி சேர்த்தோம். நிதி சேர்ந்ததும்தான் எங்களுக்குத் தொலைநோக்கு வந்தது.

குழுவில் நாலு பேர். தலைவர் சுந்தரபாண்டி. பதினைந்து குறுக்கம் நிலமும் இரண்டு போர்க்கிணறும் இருப்பதால், கண்மாயில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிதானம் இழக்காதவர். பொருளாளர் நாகராஜ், தலைவருடைய மச்சான். இது தற்செயல். மூன்றாவது நான். நாலாவது அழகுத்தாய். ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்று விதி இருப்பதால் இருந்தார். அவருக்குக் கடைமடையில் ஒன்றரைக் குறுக்கம். முன்பு அந்த நிலத்தில் கூலிக்குக் களையெடுத்தவர், அதையே வாங்கிப் பயிர் வைத்திருந்தார்.

எங்கள் குழுவின் நிர்வாகச் சிறப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் கூட்டம் போட்டுப் பேசிவிட்டுத் தீர்மானம் எழுதுகிறார்கள். காலவிரயம். நாங்கள் தீர்மானத்தை முதலில் எழுதி, தலைவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட பிறகு கூட்டத்தைக் கூட்டுவோம். ஆவணி மாதக் கூட்டத்துக்கு நான் எழுதி வைத்திருந்த தீர்மானம் இது: 'நீர் மேலாண்மையை நேரில் கற்றறியும் பொருட்டு, நீர் மிகுந்த வடதேசமாகிய நார்வேக்குக் கப்பல் வழியாகக் கள ஆய்வு மேற்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

ஏகமனதாகத் தீர்மானித்த பிறகு கூட்டம் தொடங்கியது. அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடையும் அதற்குள்ளேயே டிராவல்ஸும் நடத்தும் ஜெகதீஸ்வரன் சிறப்பு விருந்தினர். அதுவரை அறுபடை வீட்டுக்கு வேன் அனுப்பிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் கப்பலுக்கு 'விரிவடைந்திருந்தார்'. செல்போனில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்.

"இதுக்குப் பேரு ஃபியோர்டு. ரெண்டு பக்கமும் மலை. நடுவுல கடல் நூறு மைலு உள்ள வந்து நிக்கும். அதுல நம்ம கப்பலு மெதுவாப் போகும்."

"நூறு மைலா? வரத்துக்கால் தூர்வாராமயா?" என்றார் தலைவர்.

"ஒரு கூடை மண் அள்ளல தலைவரே."

எல்லாரும் செல்போனை நோக்கித் தலை குனிந்தார்கள். பெரிய நிர்வாகத்தின் முன்னால் தலை வணங்குவது இயல்புதான்.

"அந்தா பாருங்க அருவி. இதே மாதிரி நூத்துக்கணக்குல. பனி உருகி நேராக் கடல்ல வந்து விழுகுது."

தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்புட்டு நல்ல தண்ணி. வீணாப் போகுதேய்யா. அடைச்சு வைக்க அந்த ஊர்ல ஒரு ஆளு இல்லையா?"

நார்வே நாட்டு மக்களுக்குக் குழுவின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிப்பதென ஒரு துணைத் தீர்மானம் எழுதினேன். அப்போதுதான் அழகுத்தாய் பேசினார்.

"தலைவரய்யா, நம்ம மடைக்கதவு?"

"அதுக்குத்தானத்தா போறோம். படிச்சிட்டு வந்து நல்ல கதவாப் போட்ருவோம்."

"எப்பப் போறீக?"

"ஐப்பசி மூணாந்தேதி," என்றார் ஜெகதீஸ்வரன். "சீசன் முடியிற நேரம். அதான் சலுகை."

"மழையும் ஐப்பசியிலதான வரும்."

"வரட்டும். கண்மாய் எங்கயும் போயிராது," என்றார் தலைவர்.

"தண்ணி போயிருமே," என்றார் அழகுத்தாய். பிறகு ஜெகதீஸ்வரனிடம், "அந்த ஊருக்குள்ள வந்து நிக்கிற தண்ணியக் குடிக்கலாமா?" என்று கேட்டார்.

"அது கடல்த்தண்ணி. உப்பாயிருக்கும்."

"நம்ம போர்லயும் அதான வருது. அதப் பாக்க எதுக்குக் கப்பலு?"

இந்தக் கேள்வி குறிப்பேட்டில் இடம்பெறவில்லை. தீர்மானம் ஏற்கனவே எழுதியாகிவிட்டது, இடமில்லை. அழகுத்தாய் நிறுத்தவில்லை. "போன வருசம் கதிரு வெளிய வந்து, மணி பிடிக்கத் தண்ணியில்லாம அம்புட்டும் பதராப் போச்சு. எங்க வீட்டுக்காரரு திருப்பூரு மில்லுக்குப் போயிட்டாரு. இந்த வருசமும் போச்சுன்னா நானும் வீட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். கதவப் போட்டுட்டு எங்க வேணாலும் போங்க."

கூட்டத்தில் இருந்த சிலர் தலையாட்டிவிட்டார்கள். ஏகமனதுக்கு ஆபத்து வந்துவிட்டது. பொருளாளர் நாகராஜ்தான் ஜனநாயகத்தைக் காப்பாற்றினார். "நம்மளா பேசுனா வம்பு. அய்யனார்கிட்ட பூக்கெட்டிப் பாத்திருவோம்," என்றார்.

கண்மாய்க்கரையிலேயே குடியிருக்கும் சாமி. கண்மாயைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்? மறுநாள் காலை கோயிலில் கூடினோம். சிவப்புப் பூ வந்தால் மடை, வெள்ளை வந்தால் கப்பல். பூவைச் செய்தித்தாள் துண்டில் மடித்து நூல் சுற்றி இரண்டு பொட்டணமாகக் கட்டும் பொறுப்பைத் தலைவர் என்னிடம் தனியாக அழைத்து ஒப்படைத்தார். நானும் கட்டினேன். அன்று நந்தவனத்தில் செவ்வரளி பூத்திருந்ததா என்று இந்த இடத்தில் யாரும் குறுக்கிட வேண்டாம்.

பூசாரி இருளாண்டி பொட்டணங்களைச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டார். "எதிர்த்துப் பேசுன ஆளே எடுக்கட்டும். நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாது," என்றார் தலைவர். அவருடைய நேர்மையை ஊரே மெச்சியது. அழகுத்தாய் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். பிரித்தார்கள். வெள்ளை.

"சாமி உத்தரவு ஆயிருச்சு," என்றார் தலைவர். அழகுத்தாய் குனிந்து இரண்டாவது பொட்டணத்தை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டார். "சாமி துண்ணூறு மாதிரி இருக்கட்டும்," என்றார். எனக்கு அன்று கொஞ்சம் வியர்த்தது. வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு 'பயண ஆயத்தப் பணிகள்' போர்க்கால அடிப்படையில் நடந்தன. குளிர் பழகுவதற்காகத் திருச்சுழியில் ஏசி போட்ட ஏ.டி.எம். அறை ஒன்றுக்குள் தினமும் மூவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். வெளியே வரிசையில் நின்றவர்கள் பேசியதைத் தேசநலன் கருதித் தாங்கிக்கொண்டோம். கப்பலின் ஆட்டம் பழகுவதற்கு அருப்புக்கோட்டை பஸ்ஸின் கடைசி சீட்டில் ஏழு நாள் போய் வந்தோம். நாகராஜ் இரண்டு முறை வாந்தி எடுத்துத் தேர்ச்சி பெற்றார்.

அவருக்கு வேறொரு கவலை இருந்தது. ஜெகதீஸ்வரனிடம் கேட்டார். "கப்பல்ல பைப்புல எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடுவாக?"

"எந்நேரமும் வரும்ணே."

"எந்நேரமும்னா? வாரத்துக்கு ரெண்டு தடவையா?"

"திறந்தா வரும். மூடுனா நிக்கும்."

நாகராஜ் நம்பவில்லை. அவர் வயதுக்கு அப்படி ஒரு பைப்பை அவர் பார்த்ததில்லை. இரண்டு கேன் குடிதண்ணீரைப் பயணச் சாமான்களில் சேர்த்துக்கொண்டார். மகளிர் உறுப்பினரையும் நாங்கள் மறந்துவிடவில்லை. நாங்கள் திரும்பும்வரை கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அழகுத்தாய்க்கு வழங்கப்பட்டது. கதவு மட்டும் வழங்கப்படவில்லை. அவருக்குப் பதிலாக, வழிகாட்டி என்ற முறையில் ஜெகதீஸ்வரன் எங்களோடு வருவதாக முடிவாயிற்று.

ஊர் முகப்பில் இருபது அடி பிளெக்ஸ் வைத்தோம். தலைவர் கப்பல் கேப்டன் தொப்பியில், பின்னால் பனிமலை, அருவி. கீழே ஓரத்தில் அழகுத்தாய் கைகூப்பி வழியனுப்புவதுபோல அவருடைய ஆதார் கார்டு படத்தை வெட்டி ஒட்டியிருந்தது. அப்படியொரு பிளெக்ஸ் மல்லாங்கிணற்றிலோ காரியாபட்டியிலோ இதுவரை யாரும் வைத்ததில்லை.

ஐப்பசி ஒன்றாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது, வந்த வழியே மடையில் போனது. மூன்றாம் தேதி காலை தூறல் நின்றதும், கப்பலிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாயங்கால விமானத்துக்கு மதுரை போக வேனில் ஏறினோம். ஊரைத் தாண்டியதும் ஓடைத் தரைப்பாலத்துக்கு முன்னால் டிரைவர் செல்வக்குமார் வண்டியை நிறுத்தினார். பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"வண்டி எறங்காது," என்றார்.

"மழைதான் விட்ருச்சே. எங்கேருந்துய்யா வருது இம்புட்டுத் தண்ணி?" என்றார் தலைவர்.

"நம்ம கண்மாய்த் தண்ணிதான். மடைக்குத்தான் கதவு இல்லையே."

தலைவர் ஓடையையே பார்த்தார். மடைக்குக் கதவு இல்லை என்ற செய்தி அப்போதுதான் முதல்முறையாக அவர் காதில் விழுந்ததுபோல இருந்தது. "ஏலே நாகராஜு, எறங்கு. மடைய அடைக்கணும்," என்றார்.

மடையில் அழகுத்தாயும் மூன்று பெண்களும் விடியற்காலையிலிருந்து மண்மூட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். போடப் போடத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. தலைவர் போனை எடுத்தார். அரைமணி நேரத்தில் டிராக்டர் வந்தது, ஊர் வந்தது, மூட்டைகள் வந்தன. பத்து மாதமாகக் கிடைக்காத ஆட்கள் எல்லாரும் அந்த ஊரிலேயேதான் இருந்திருக்கிறார்கள்.

"மூட்டை மட்டும் நிக்காது. மொதல்ல வாயை மூட அகலமா ஒண்ணு வேணும்," என்றார் அழகுத்தாய். பிறகு ஊர் முகப்பைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிளெக்ஸக் கழட்டிக் கொண்டாங்க."

தலைவர் ஒரு விநாடி தயங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கழட்டு," என்றார்.

பிளெக்ஸை நாலாக மடித்துக் கயிறு கட்டி உள்பக்கமிருந்து இறக்கினார்கள். குரங்குத் தொப்பியும் ஸ்வெட்டருமாக நாங்கள் மூவரும் மார்பளவு தண்ணீரில் நின்று அமுக்கினோம். கேப்டன் தொப்பி போட்ட முகம் மடைவாயில் போய் அப்பிக்கொண்டது. மூட்டைகள் அதன்மேல் நின்றன. தண்ணீர் நின்றது.

ஓடை வடிந்து பாலம் தெரிவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. விமானம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கட்டிய பணம் திரும்ப வராது என்று ஜெகதீஸ்வரன் கரையில் நின்று பணிவோடு தெரிவித்தார். நாகராஜ் தன் கேன்களைத் திறந்து வேலை செய்த எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். கண்மாய் கண்ணுக்கெட்டிய தூரம் நிறைந்து கிடந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈரத்தோடு உட்கார்ந்திருந்த என்னிடம் அழகுத்தாய் வந்தார். முந்தி முடிச்சை அவிழ்த்து அந்தப் பொட்டணத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நான் சுற்றிய நூல் அப்படியே இருந்தது.

"செகரட்டரியண்ணே, ரெண்டு மாசமாப் பிரிக்காம வச்சிருக்கேன். இப்பப் பிரிச்சிருவமா? ஊரே நிக்குது."

"வேண்டாந்தாயி," என்றேன்.

"சரி, அடுத்த கூட்டம் வரைக்கும் இருக்கட்டும். பிளெக்ஸு எத்தனை நாளைக்குத் தாங்கும்? கதவுக்குத் தீர்மானம் எழுதிக் கொண்டாங்க. இந்தவாட்டி நான் வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்." மறுபடியும் முந்தியில் முடிந்துகொண்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அன்றைக்கே குறிப்பேட்டை எடுத்துத் தீர்மானம் எழுதினேன். 'ஒரு பெண்ணின் வயலுக்காகப் பத்து மாதமாக மூட முடியாத மடை, நாலு ஆண்களின் வேனுக்காக இரண்டு மணி நேரத்தில் மூடப்பட்டது. இனி வயலுக்காகவும் மூடப்படும் வகையில் இரும்புக் கதவு போடுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

தலைவர் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.