பதினேழாம் நம்பர் முளை

உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே குடியிருந்தால் மனிதருக்கு ரத்த அழுத்தம் உயரும் என்று நான் பத்து நாட்கள் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறேன். படிக்காதவன் நம்பினால் மன்னிக்கலாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. அதைவிட மோசம், அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் என் வேலையே கரண்ட் கம்பியைத் தாங்கும் பீங்கான்களைச் சோதிப்பதுதான். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியால் தட்டுவேன். ‘கிணுங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிட வேண்டும். மின்சாரத்தால் சோறு தின்றவன் மின்சாரத்தைப் பார்த்து நடுங்கிய கதை இது.

எழுபதுகளின் தொடக்கம். என் மனைவி அஞ்சலைக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. பேசாமல் இருப்பதிலேயே எவ்வளவு கவனமாக இருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

லேடி டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரத்த அழுத்தம் கொஞ்சம் உயர்வா இருக்குது. இதுக்கு மேல உயரக் கூடாது. உப்பைக் குறைங்க. அவங்க பயப்படற மாதிரி எதையும் வீட்டுல பேசாதீங்க.”

உயர் அழுத்தம் ஆகாது. இதை மனப்பாடம் செய்துகொண்டே சைக்கிளில் அவளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். (ஏறி மிதித்தால் குலுங்குமே!)

அந்த வாரமே பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊர் வளர்கிறது, தொழிற்சாலைகள் பெருகுகின்றன, இருக்கிற கம்பி போதவில்லை, ஆகவே புதிய ‘உயர் அழுத்த மின்பாதை’ வரப்போகிறது. பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம், ஆட்சேபணை தெரிவிக்கலாம். மற்றவர்கள் எல்லாவற்றையும் படித்தார்கள். என் கண்ணுக்கு இரண்டே சொற்கள்தான் தெரிந்தன.

சூளையில் வேலை பார்த்த கலியமூர்த்தியிடம் கேட்டேன். தெரியாது என்ற சொல்லே தெரியாதவன் அவன்.

“அது எந்த வழியா போவும் கலியா?”

“சிவப்பு பெயிண்ட் அடிச்சி முளை நட்டுக்கிட்டுப் போறாங்கல்ல? முளை எங்க நிக்குதோ அதுக்கு நேர் மேலதான் கம்பி. கீழ கட்டியிருக்கற மாட்டுக்குப் பாலே வத்திப் போவுதாம்.”

“மனுசனுக்கு?”

“மாட்டுக்கே அப்பிடின்னா…” என்று நிறுத்திவிட்டுப் பீடியைப் பற்றவைத்தான். அந்தப் புள்ளிகளில் நான் விழுந்தேன்.

மறுநாள் விடியற்காலை. அஞ்சலை முதல் நாள்தான் கம்மாபுரம் பக்கத்துத் தாய் வீட்டுக்குப் போய்விட்டு, மாமியார் கொடுத்தனுப்பிய ஒரு வெள்ளாட்டோடு அண்ணன் வண்டியில் திரும்பியிருந்தாள். நான் முகம் கழுவக் கொல்லைக்குப் போனேன். முருங்கை மரத்தடியில் முழ உயரத்துக்கு ஒரு முளை. தலையில் சிவப்பு பெயிண்ட். பக்கவாட்டில் வெள்ளையில் ‘17’.

சொம்பு கையை விட்டு விழுந்தது.

“என்னாங்க சத்தம்?” என்றாள் உள்ளிருந்து.

“ஒண்ணுமில்ல, காக்கா” என்றேன். (சொம்பு தள்ளுகிற காக்கா!)

அவள் பயப்படக் கூடாதே! பழைய வாளி ஒன்றை எடுத்து முளை மேல் கவிழ்த்து மூடினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வாளி கிணற்றடியில் இருக்கிறது. திரும்ப மூடினேன். மறுநாளும் அதே கதை. மின்சார இலாகாக்காரர்கள் தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பத்து நாளில் எனக்குத் தூக்கம் போயிற்று. தொழிற்சாலையில் நல்ல சரக்கெல்லாம் ‘டொக்’ என்று கேட்டது. சோற்றில் உப்பில்லாமல் சாப்பிட்டு நான்தான் இளைத்தேன். அஞ்சலை ஊறுகாயைத் திருட்டுத்தனமாகத் தொட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தாள்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தன்று அரை நாள் லீவு போட்டேன். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து முளையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு யூனியன் ஆபீசுக்குப் போனேன்.

வேப்ப மரத்தடியில் மேசை, மேலே வரைபடம், பின்னால் ஓர் இன்ஜினியர், பக்கத்தில் ஒரு சர்வேயர். தென்னையை வெட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். “கம்பி எங்க தலைக்கு மேல, கரண்டு மட்டும் வேற ஊருக்கா? எங்க மோட்டாருக்கு எப்ப வரும்?” என்று இன்னொருவர் மடக்கினார். எங்கள் முதலாளி எழுந்து, கரண்ட் நின்றால் மண் அரைக்கிற உருளைகள் நின்றுவிடுகின்றன, இந்தக் கம்பி வந்தால்தான் ஊருக்கு வேலை என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன்.

“எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க!”

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். தன் தொழிற்சாலையில் பீங்கான் தட்டுகிறவனே கம்பி வேண்டாம் என்கிறானே என்ற பார்வை. வேலை போனாலும் போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“சொல்லுங்க” என்றார் இன்ஜினியர்.

“எங்க வூட்டுக் கொல்லையில முளை அடிச்சிருக்கீங்க. அந்த வழியா கம்பி போவக் கூடாது.”

“வீடு எங்கே?”

“ரயில்வே ஜங்ஷனுக்குப் பக்கத்துலங்க.”

அவர் வரைபடத்தில் விரலை ஓட்டினார். “அந்தப் பக்கமே நாங்க வரலையே.”

இதற்காகத்தானே காத்திருந்தேன்! பையிலிருந்து முளையை எடுத்து மேசை மேல் ‘டக்’ என்று வைத்தேன். “அப்ப இது என்னாங்க?”

சர்வேயர் நாற்காலியிலிருந்து எகிறிவிட்டார். “சார், நம்ம பதினேழு! பத்து நாளா கம்மாபுரம் பக்கம் வரப்பு வரப்பாத் தேடறோம் சார்! யோவ், சர்க்கார் முளையைத் திருடிட்டு வந்து ஆட்சேபணையா சொல்றே?”

“திருடலீங்க, எங்க கொல்லையிலதான் நின்னுது” என்றேன். என் குரலே எனக்கு ‘டொக்’ என்று கேட்டது.

அப்போது பின்னால் ஒரு ‘மே…’ கேட்டது. கூட்டம் விலகியது. ஒரு கையில் ஆட்டுக் கயிறு, மறு கை இடுப்பில், வயிறு முன்னால், அஞ்சலை பின்னால். கலியமூர்த்தியிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ஏங்க, ஆட்டு முளைய எதுக்குப் புடுங்கியாந்தீங்க? எங்க கட்டறது இத?”

“ஆட்டு முளையா?”

“எங்கம்மா வூட்டாண்ட வரப்புல நின்னுது. ஆட்டினேன், வந்திடிச்சி. யாருக்கும் வேணாம் போலன்னு வண்டியில போட்டுக்கிட்டு வந்தேன். பகல்ல ஆட்ட அதுலதான் கட்டறேன். நீங்க வர்றதுக்குள்ள அவுத்து வூட்டுப் பக்கத்துச் சார்ப்புல அடைச்சிடறேன். எவனோ தெனம் அது மேல வாளியக் கவுத்து வெக்கறான், அவன்தான் ஆருன்னு தெரியல!”

வேப்ப மரம் ஒன்றுதான் சிரிக்கவில்லை. முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த எவன் நான்தான்” என்றேன். பிறகு எனக்கே தெரியாமல் குரல் உடைந்தது. “டாக்டரம்மா உயர் அழுத்தம் ஆவாதுன்னாங்க. இவங்க உயர் அழுத்தக் கம்பின்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. மொத புள்ள மாதிரி இதுவும்…”

சிரிப்பு நின்றது. அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் வாய் திறந்தது அன்றுதான் முதல் தடவை. அதுவும் ஊர்க் கூட்டத்தில், ஆட்டைச் சாட்சியாக வைத்துக்கொண்டு.

இன்ஜினியர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். “உட்காரும்மா. அது ரத்தத்தோட அழுத்தம், இது மின்சாரத்தோட அழுத்தம். பேரு ஒண்ணு, சங்கதி வேற. தம்பி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.” பிறகு சர்வேயரைப் பார்த்து, “அந்தம்மாவுக்குப் பெயிண்ட் அடிக்காத முளை ஒண்ணு கொடுங்க” என்றார்.

அஞ்சலை குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “நானும்தான் பயந்துகிட்டு இருந்தேன். சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல.”

திரும்பி வரும்போது புது முளை என் தோளில், ஆடு அவள் கையில். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

இன்றைக்கும் நான் எதற்காவது பதறினால் என் மகள் நிதானமாக, “அப்பா, நம்பர் பதினேழா?” என்பாள். மாப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

பதினேழாம் நம்பர் முளை பழைய வரப்புக்கே போயிற்று. அந்த இடத்தில் கோபுரம் எழும்பி, கம்பி என் மாமியார் ஊர் வயல் வழியாகப் போயிற்று. எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அஞ்சலையின் அழுத்தம் அடுத்த மாதமே இறங்கிவிட்டது. குழந்தை சுகமாகப் பிறந்தது. ரத்த அழுத்தம் எனக்குத்தான் வந்தது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.