வடக்குப் பாலத்தில் மாப்பிள்ளை இறந்தது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். பதிலுக்கு உங்கள் நலம் விசாரிப்பதுதான் முறை. கையில் இருக்கும் தகவல் அதற்கு இடம் தரவில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, வடக்குப் பாலத்தில், நீங்கள் இறந்துவிட்டீர்கள். தகவல் தந்தவர், நேரில் பார்த்த நான். உங்களை அங்கே நிறுத்தியவனும் நான்தான் என்பதால் இதில் சந்தேகமில்லை.

நடந்தது கம்ப்யூட்டர் விளையாட்டில். இந்த வாக்கியத்தை இந்த முறை இரண்டாவது பத்தியிலேயே வைத்துவிட்டேன். குடும்பக் குழுவுக்கு அன்று நான் அனுப்பிய இரங்கல் குறிப்பில் இது மூன்றாவது பத்தியில் இருந்தது. மூன்றாவது பத்தியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் பத்திரிகையில் அமைச்சர்களின் மறுப்பை நாங்கள் அங்கேதான் போட்டோம்.

விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது உங்கள் மகள். வேலைக்கு வெளியூர் கிளம்பும் முன் வந்து, “மாமா, சும்மா சுவரைப் பாத்துக்கிட்டு உட்காராதீங்க” என்றாள். போர் விளையாட்டு என்றால் சுட்டுத்தள்ளுவது என்று நினைத்திருந்தேன். இதில் யாரும் அவசரப்படுத்துவதில்லை. தரை முழுக்கக் கட்டம். என் பக்கம் நான்கு பேர். ஒவ்வொருவரும் இத்தனை கட்டம்தான் நடக்கலாம் என்று விதி. நான் யோசித்து முடிக்கும்வரை எதிரியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பெயர் வைக்கச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. ‘மாப்பிள்ளை’, ‘தங்கச்சி’, கீழ்வீட்டுப் ‘பூட்டுக்காரர்’, ‘நான்’ என்று அடித்தேன். என் மனைவியின் பெயரை யாருக்கும் வைக்கவில்லை.

இந்த வயதில் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் முடிவெடுத்தவர்களின் எதிரே நோட்டோடு உட்கார்ந்தவன். மதகை ஏன் திறந்தீர்கள், அந்தத் தெருவை ஏன் முழுகவிட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். நானாக ஒரு மதகையும் திறந்ததில்லை. ஒரே ஒரு முறை முடிவு என் கைக்கு வந்தது. என் மனைவியைச் சேர்த்த பதினோராம் நாள், மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் வந்து, “ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா, நீங்கதான் சொல்லணும்” என்றார். இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு சொல்கிறேன் என்றேன். இரண்டாவது டாக்டர் போனை எடுப்பதற்குள் கேள்விக்கே தேவையில்லாமல் போய்விட்டது.

இந்த விளையாட்டில் இரண்டாவது டாக்டர் கிடையாது. இரண்டு வழி காட்டுவார்கள். இரண்டும் கெட்ட வழி. களஞ்சியத்தைக் காப்பாற்றினால் ஊர் எரியும், ஊரைக் காப்பாற்றினால் குளிர்காலத்தில் பட்டினி. ஒன்றைத் தொட்டாக வேண்டும். தொட்டால் தொட்டதுதான், திரும்பிப் போக வழியில்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை நாம் நால்வரும் வடக்குப் பாலத்துக்கு வந்தோம். பின்னால் எதிரிப் படை. பாலம் தாழ்ந்து நிற்க ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவர் அக்கரைக்கு வர முடியாது. இருபது நிமிடம் யோசித்து உங்களை நிறுத்தினேன்.

இறந்தவருக்குக் குறிப்பு எழுதாமல் எனக்குக் கை அடங்காது. இடம், நேரம், நற்பண்புகள் எல்லாம் சேர்த்து எழுதிக் குழுவில் போட்டேன். நீங்கள் அப்போது சலூனில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்ததாகவும், உங்கள் சித்தப்பா போனில் அழுததாகவும், “சித்தப்பா, நான்தான் பேசுறேன்” என்று நீங்கள் சொன்னதற்கு, “நீ சும்மா இரு, பொண்டாட்டிகிட்ட போனைக் குடு” என்று அவர் அதட்டியதாகவும் தெரிகிறது. மீசையின் மறுபாதி பற்றி முரண்பட்ட தகவல்கள் வருகின்றன. என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அன்று மாலை ஏழு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அதுவரை அழுதிருந்தாள் போலிருக்கிறது, குரல் கட்டியிருந்தது.

“அண்ணா, பாலத்துல நானும் இருந்தேனா?”

“நீதான் காயத்துக்குக் கட்டுப் போடுற ஆளு. உன்னை எப்படிம்மா விடுறது?”

“பூட்டுக்காரர்?”

“அக்கரையில கோட்டைக் கதவு இருக்கு. அவர் இல்லாம திறக்காது.”

“நீ?”

“நான் தலைவன்மா.”

“அதானே பாத்தேன். ஆக, என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?”

“நாலு கட்டம்தான் நடக்கிறார். எங்க போனாலும் கடைசியாத்தான் வர்றார். உங்க அண்ணியை ஆஸ்பத்திரியில சேத்தப்பகூட கடைசியா வந்தது அவர்தானே?”

“முப்பது வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். நான் சொல்லலாம். நீ சொல்லலாமா?”

போனை வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை, என் மனைவி போனபிறகு ஆறு வருடமாகத் தினமும் ஏழு மணிக்கு அந்தப் போன் வரும். “சாப்பிட்டியா?” என்பாள். “ஆச்சு” என்பேன். இரண்டு நிமிடம். பல நாட்களில் என் குரலை நானே கேட்பது அப்போது மட்டும்தான். இன்று வெள்ளிக்கிழமை. புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை, இன்றும் ஏழு மணி தாண்டிவிட்டது. நான் அழைத்தால் எடுப்பதில்லை. அவள் கோபம் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டினால் வருடக்கணக்கில் நிற்கும் என்பது நாம் இருவரும் அறிந்தது. நீங்கள் உயிரோடு இருப்பதை அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அதற்குள் ஒரு போன் போடச் செய்ய வேண்டும். வீட்டுக்கு எழுதினால் அவள் கிழித்துவிடுவாள் என்பதால் நாளைக் காலை இதை உங்கள் உதிரிபாகக் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டுகிறேன். இந்த வாரம் இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. தங்கைக்கு ஆசிகள், வாங்கிக்கொள்வாள் என்றால்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: ஒரு திருத்தம். ‘திரும்பிப் போக வழியில்லை’ என்று மேலே எழுதியது தவறு. உண்டு. சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடலாம் என்பது எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். இரங்கல் குறிப்பு அனுப்பிய பிறகு மூன்று முறை பாலத்துக்குத் திரும்பிப் போனேன். முதல் முறை சங்கிலியை நான் பிடித்தேன். இரண்டு அடி விழுந்ததும் என் ஆள் கையை விட்டுவிட்டான். தங்கை ஆற்றில் போனாள். அடுத்து பூட்டுக்காரர், அதே கதை. மூன்றாம் முறை மறுபடி உங்களை நிறுத்தினேன். எல்லாரும் கரையேறும்வரை நீங்கள் விடவில்லை. அவளிடம் நான் சொன்ன காரணமும் தவறு. அன்று ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக வந்தவர் நீங்கள். பதினோரு நாளும் அந்த வராந்தாவை விட்டு நகராதவரும் நீங்கள்தான். அதை இதுவரை நான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

இதை முடித்துவிட்டு நான்காம் முறையாகத் திரும்பிப் போயிருக்கிறேன். இப்போது நால்வரும் பாலத்தில் நிற்கிறோம், எல்லாருக்கும் உயிர் இருக்கிறது, சங்கிலியை யாரும் தொடவில்லை. யார் பிடிப்பது என்று தங்கையைக் கேட்க உத்தேசம். இவர் திருந்தவில்லை, இன்னும் இன்னொருவரைக் கேட்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிவரை யாரும் ஒரு கட்டம்கூட நகரப்போவதில்லை.