அழகேசன் ஆக்கிய அன்னாசி சாதம்

அன்னாசிப் பழத்தை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று அழகேசனுக்குத் தெரியவில்லை. கொண்டையைப் பிடித்துத் தூக்கினார், குத்தியது. கொண்டையை விட்டு உடம்பைப் பிடித்தார், அதுவும் குத்தியது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மனுஷர், லீவு போட்டுவிட்டு வந்து ஒரு பழத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய நிலை. வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் அவர் வாய் செய்த வேலை.

நடந்தது இதுதான். வீட்டின் முன்பக்கம் வாடகைக்கு இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் காலி பண்ணிக்கொண்டு போனார். அந்த இடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன மெஸ் போடட்டுமா என்று மனைவி சம்பூர்ணம் கேட்டாள். ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த ஆசை. சாம்பாரில் கை வைத்துக்கொண்டே அழகேசன் சிரித்தார்.

"நீ ஆக்குறத நான் திங்கிறேன், அது என் தலையெழுத்து. காசு குடுத்து எவன் திம்பான்?"

சம்பூர்ணம் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். இவரோ அதோடு நிறுத்தாமல், சமையல் என்ன பெரிய வித்தையா, அரிசி, தண்ணி, அடுப்பு, இதில் என்ன இருக்கிறது என்று மேலே மேலே போனார். அப்படியா என்று கேட்டுக்கொண்டவள், அவர்கள் குடியிருக்கும் அன்பு நகர் நலச்சங்கத்தின் ஆண்டு விழாவை ஞாபகப்படுத்தினாள்.

அந்த விழாவில் வருஷா வருஷம் ஆண்களுக்குச் சமையல் போட்டி உண்டு. போன வருஷம் புளியோதரை என்று அறிவித்தார்கள். அத்தனை ஆம்பளைகளும் கடையில் விற்கிற புளிக்காய்ச்சல் பாட்டிலை வாங்கிப் பிசைந்து கொண்டுவந்து மாட்டிக்கொண்டார்கள். அதனால் இந்த வருஷம் கெடுபிடி. சீரக சம்பா அரிசியில், புது அன்னாசிப் பழம் போட்டு, இலையில் ஓரமாக வைக்கிற மாதிரி ஒரு சாதம் மணக்க மணக்கச் செய்து வர வேண்டும். பெண்டாட்டி அடுப்படிப் பக்கமே வரக் கூடாது.

"அதுல நீங்க ஜெயிச்சுட்டா, மெஸ் பேச்ச இந்த ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டேன். ஜெயிக்கலன்னா கடைக்கு போர்டு நீங்கதான் மாட்டணும்" என்றாள் சம்பூர்ணம்.

"சரி" என்றார் அழகேசன். யோசிக்கிற பழக்கம் அவருக்கு ஆபீசோடு சரி.

இதோ, மறுநாள் போட்டி. இன்றைக்கு ஒத்திகை. கத்திக்குப் பயந்து ஒருவழியாகப் பழம் துண்டானது. பாதித் தோலும் கண்ணும் துண்டோடேயே தங்கிவிட்டன. அரிசியைக் குக்கரில் போட்டு, வீட்டுப் புழுங்கல் அரிசிக்கு ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, சீரக சம்பாவுக்கு..."

"பேசக் கூடாது. ரூல்ஸு."

அவள் வாயை மூடிக்கொண்டு கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

குக்கரைத் திறந்தால் உள்ளே கூழ். பழம் விட்ட சாறும் சேர்ந்துகொண்டதில் சோறு எது, தண்ணி எது என்று தெரியவில்லை. அழகேசன் அசரவில்லை. தண்ணி கூடினால் அரிசியைக் கூட்டு, அவ்வளவுதானே என்று இன்னொரு ஆழாக்கு அரிசியைக் கொட்டி மூடினார். இப்போது பாதி சோறு குழைந்தும் பாதி சோறு விறைத்தும் நின்றது. வாயில் வைத்தால் புளிப்பில் பல் கூசியது. வெல்லம் தட்டிப் போட்டார். தித்திப்பு தொண்டையில் ஏறவே மிளகாய்த்தூள் தூவினார். காரம் காதுவரைக்கும் போனதும் தேங்காய்ப்பால் ஊற்றினார். ஊற்றினதும் பழையபடி கூழ்.

ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பண்டம் வளர்ந்துகொண்டே போய்க் குக்கரை விட்டு வழிந்தது. பரணில் இருக்கும் பெரிய அண்டாவைத் தேடினார். காணோம்.

"அண்டா எங்க?"

"வெற்றிச்செல்வி வூட்டுல விசேஷம்னு கேட்டா. குடுத்துட்டேன்" என்றாள் சம்பூர்ணம், தலை நிமிராமல்.

குக்கரில் கொஞ்சம், இட்லிப் பானையில் கொஞ்சம், மிச்சத்தை வாளியில் என்று பங்கு பிரித்தார். அடியில் பிடித்திருந்தது வேறு தெருவுக்கே மணத்தது. வெயிலில் நடந்து வந்த மாதிரி வேர்த்து வழிய, புறக்கடைக் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். நாளைக்கு மானம் போய், மறுநாள் ஏணி போட்டு போர்டு மாட்டுகிற காட்சி கண் முன்னால் வந்தது. ஏஜென்சி ஆட்கள் அந்த வழியாகத்தான் டீ குடிக்கப் போவார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கழுநீர் எடுக்க வந்தாள் வெற்றிச்செல்வி. அன்பு நகர் முழுக்கப் பால் ஊற்றுகிறவள். வாளியைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினார் அழகேசன். அவள் குனிந்து மோந்து பார்த்தாள்.

"இது மாட்டுக்கா சார்? வேணாம் சார். அது நாளைக்கும் பால் குடுக்கணும்."

அழகேசன் வாளியைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க வெற்றிச்செல்விக்கே பாவமாக இருந்தது. கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். சங்கத்துப் போட்டிக்குத்தானே என்றாள். தனக்குத் தெரிந்த அம்மா ஒருத்தர் இருக்கிறார், சொன்னால் அன்னாசி சாதம் அருமையாகச் செய்து தருவார் என்றாள். நீங்கள் யார் என்று அவர் கேட்க மாட்டார், அவர் யார் என்று நீங்களும் கேட்கக் கூடாது. காலையில் பால் தூக்கில் வைத்துக் கொண்டுவந்தால் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

"காச மட்டும் முன்னாடியே குடுத்துடணும் சார்."

அழகேசன் சட்டைப் பையில் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தார். பேரம்கூடப் பேசவில்லை.

"வூட்டுல தெரியக் கூடாது, ஆமா."

"எனக்கு என்ன சார் வேலை, வூடு வூடா சொல்லிக்கிட்டுத் திரியறதுக்கு" என்று இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் விடியுமுன்பே சம்பூர்ணம் குளித்துக் கிளம்பிவிட்டாள். தான் வீட்டில் இருந்தால் கை வைத்தாள் என்று நாலு பேர் சொல்லுவார்கள், அதனால் கல்லங்குறிச்சி பெருமாளைக் கும்பிட்டுவிட்டு நேராக விழா மண்டபத்துக்கே வருகிறேன் என்றாள். கடவுளே வந்து வழி காட்டியது போல அழகேசன் குளிர்ந்து போனார். நிதானமாகப் போயிட்டு வா, அவசரமே இல்லை என்று வாசல்வரை வந்து அனுப்பினார்.

வெற்றிச்செல்வி சொன்னபடியே வந்து தூக்கை வைத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்ததும் கிராம்பும் பட்டையும் நெய்யும் பழமும் ஒன்றாக எழுந்து வந்தன. சோறு பொலபொலவென்று இருந்தது. சிவக்க வறுத்த முந்திரி, நெய்யில் லேசாக வதங்கிய அன்னாசித் துண்டுகள். ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். தூக்கைத் தூர வைத்துவிட்டு, மறுபடி எழுந்து போய் இன்னொரு வாய் போட்டார்.

"இதுல்ல சமையல். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வூட்டுல இப்படி ஒரு வாய் சோறு கண்டதுண்டா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். கண் கலங்கியதென்னவோ உண்மை.

அப்புறம்தான் பயம் வந்தது. இவ்வளவு நன்றாக இருந்தால் தான் செய்தது என்று எவன் நம்புவான்? தன் கை பட்ட அடையாளம் வேண்டும் என்று, நேற்று மிஞ்சிய துண்டுகளில் தோலோடு இருந்த ஒன்றிரண்டைப் பொறுக்கி மேலே செருகினார். இப்போது திருப்தியாக இருந்தது.

மண்டபத்தில் எட்டுப் பேர் எட்டுப் பாத்திரத்தோடு நின்றார்கள். நடுவர், ஓய்வு பெற்ற மனையியல் டீச்சர் ரத்தினம்மாள். முதலில் சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியன் கொண்டுவந்ததை ருசி பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதையும் ருசி பார்த்தார். மூன்றாவதைத் தின்றுவிட்டுத் திரும்ப முதல் பாத்திரத்துக்கே வந்தார். அதற்குமேல் அவர் சோற்றைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தார். ஆட்கள் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். குக்கரில் மூன்று விசில் என்றார் அழகேசன். குக்கரா, சேச்சே, மண்சட்டி என்றார் சிவசுப்பிரமணியன். ஒருவர் மேலே கொத்தமல்லி தூவியிருந்தார், ஒருவர் மாதுளை முத்து. ஆளாளுக்குக் கை பட்ட அடையாளம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எட்டிலும் அதே கிராம்பு, அதே முந்திரி, அதே பொலபொல. எட்டுப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் எல்லாருக்கும் ஆபத்து என்பதும் புரிந்துவிட்டது.

ரத்தினம்மாள் மைக்கைப் பிடித்தார். "எட்டுலயும் ஒரே கைமணம். அதனால எட்டுப் பேருக்கும் முதல் பரிசு. இந்தக் கைக்குச் சொந்தக்காரங்க ஒரு மெஸ் வச்சாங்கன்னா, நான் வூட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

எட்டுப் பேரும் பலமாகக் கைதட்டினார்கள். பரிசுக்கு வைத்திருந்த எவர்சில்வர் சாப்பாட்டு செட்டைப் பிரித்து ஆளுக்கொரு தட்டு கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அழகேசன் தட்டை டிவி மேசை மேல் நிறுத்தி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டினார். ஏழு பேரோடு சேர்ந்து ஜெயித்தாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான், முதல் பரிசு முதல் பரிசுதான் என்று விளக்கினார்.

"பேச்சு பேச்சா இருக்கணும் சம்பூர்ணம். மெஸ்ஸ இதோட மறந்துடு."

"பேச்சு பேச்சுதாங்க" என்றாள் அவள்.

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் அழகேசனுக்கு மனசு இளகிவிட்டது. தூக்கின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து அவளிடம் நீட்டி, தின்னு பாரு, இனிமேலாவது கத்துக்கோ என்றார். அவள் வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"எல்லாம் சரிதான். இந்தத் தோலோட இருக்குற துண்ட யாரு போட்டா?"

"அதுதான் என் கைப்பக்குவம்" என்றார் அழகேசன்.

அப்போது புறக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெற்றிச்செல்வி வந்தாள். கதவு மறைவில் நாற்காலியில் கிடந்த அழகேசனை அவள் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த பெரிய அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சம்பூர்ணத்தின் கையில் கொட்டினாள்.

"அக்கா, அண்டாவக் கழுவிட்டேன். இந்தாங்க எட்டு வூட்டுக் காசு, நம்ம சாரு குடுத்ததும் இதுலதான் இருக்கு."