நெய்ச்சோறு தின்ற பன்றியும் அப்புசாமியின் கொழுப்பும்

அமாவாசை வந்தால் ஜேடர்பாளையத்துச் சாலையில் மாட்டு வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கலெக்டர் துரை வந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் இல்லை. எடப்பாடியிலிருந்து ஜவுளிக்காரர்கள், ஓமலூரிலிருந்து மண்டிக்காரர்கள், வண்டியே ஒரு பக்கம் சாயும் அளவுக்குக் கனத்த பண்ணையார்கள். எல்லார் மடியிலும் ஒரு பானை. எல்லார் வாயிலும் ஒரே பெயர்: வராகச் சித்தர்.

சித்தர் இமயமலையிலிருந்து நேராக இறங்கியவராம். வரும் வழியில் ஒரு மந்தைப் பன்றிகளை எந்தச் சந்தையில் பிடித்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வைத்தியம் சுலபம். ஆளுக்கொரு பன்றி. நோயாளி வீட்டில் ஆக்கிய நெய்ச்சோற்றைப் பானையில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டிக் கொண்டுவர வேண்டும். தட்டி மறைவில் வீட்டாரே அதைப் பன்றிக்குக் கொட்ட வேண்டும். சோற்றின்மேல் வேற்றுக் கண் படக்கூடாது, சித்தர் கண்கூட. முந்தின நாளே பட்டினி போட்ட பன்றி ஒரே மூச்சில் நக்கித் தீர்த்துவிடும். உச்சி சாய்ந்ததும் அதன் காதைக் கீறிக் கண்ணாடிக் குடுவையில் ரத்தம் பிடிப்பார். ரத்தம் உறைந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் நீர் பாலாக வெளுத்திருக்கும்.

"உன் ரத்தத்துக் கொழுப்பைப் பன்னி இழுத்துருச்சு. இனி இஷ்டம்போலத் தின்னு" என்பார் சித்தர்.

கொழுப்பும் போக வேண்டும், கறியும் வேண்டும் என்கிறவனுக்கு இதைவிடத் தோதான சாமி எங்கே கிடைக்கும்? காணிக்கை ஒரு மூட்டை நெல். ஊரார் நெய்யில் கொழுத்த பன்றி பிறகு சந்தையில் விலை போவது தனி வரும்படி.

பண்ணையார் அப்புசாமி நாலு அமாவாசை போய் வந்துவிட்டார். சேலத்து டாக்டர் அவர் மார்பில் குழாய் வைத்தும் ரத்தம் எடுத்தும் பார்த்து, ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, நெய்யையும் கறியையும் விடாவிட்டால் அடுத்த பொங்கல் சந்தேகம் என்று சொல்லியிருந்தார். சித்தரோ எதையும் விட வேண்டாம் என்றார். அப்புசாமி வாய்க்கு ருசியாகப் பேசியவரை நம்பினார்.

அவர் மனைவி கண்ணாத்தாளுக்குத்தான் கணக்கு உதைத்தது. கிணற்று மேடு ஏறினாலே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மனுஷன், சித்தர் பேச்சைக் கேட்ட பிறகு முன்னைவிட இரண்டு பங்கு தின்றார். அவள் நெய் விற்றுப் பழகிய கை. வாங்குகிறவன் முகத்தைப் பார்க்காமல் தராசு முள்ளையே பார்க்கிறவள். நாலாவது அமாவாசையில் எருமை மடி வற்றிப் போனதால் சோற்றில் பாதி நெய்தான் விட்டிருந்தாள். குடுவையிலும் வெளுப்பு பாதிதான் வந்தது. உனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சித்தர் அப்புசாமியைக் கடிந்துகொண்டார். குறைந்தது எருமைப் பால் என்பது கண்ணாத்தாளுக்கு மட்டும் தெரியும்.

ஐந்தாம் அமாவாசைக்கு அவள் இரண்டு பானை கட்டினாள். புருஷன் பெயருக்கு வைத்த பானையில் வெறும் கம்மங்கூழ். மற்றதில் நெய் மிதக்கும் சோறு. அதையும் ஒரு மூட்டை நெல்லையும் பண்ணைக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் சின்னானிடம் கொடுத்து, நீயும் நோயாளியாக வா என்றாள். சின்னான் விலா எலும்பை எட்ட நின்றே எண்ணலாம்.

"இத்தனை நெய்யையும் பன்னிக்கா ஊத்தறதுங்க, பண்ணாடிச்சி?" என்று எச்சிலை விழுங்கினான்.

அப்புசாமி அன்று காலை அமாவாசை என்றும் பாராமல் கறியும் நெய்யுமாக இலை வழித்துவிட்டு வண்டி ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கியதால் கண்ணாத்தாளே மறைவுக்குள் போய்க் கூழைக் கொட்டினாள். சின்னான் தன் பானையைக் கொட்டிவிட்டு, விரலில் ஒட்டியதை மட்டும் நக்கிக்கொண்டான்.

உச்சி சாய்ந்தது. அப்புசாமியின் குடுவையில் மேல்நீர் கிணற்றுத் தண்ணீராகத் தெளிந்து நின்றது. சித்தர் ஒரு கணம் முழித்தார். தொழில் தெரிந்தவர், உடனே சுதாரித்துக்கொண்டார்.

"முழுசும் இறங்கிருச்சு. இனி உனக்கு எந்தத் தடையும் இல்லை."

அடுத்தது சின்னான் குடுவை. தயிராட்டம் வெளுப்பு. சித்தர் குடுவையைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

"மலையாட்டம் கொழுப்பு. தின்னு தின்னு சேத்திருக்கே. பத்து அமாவாசை வரோணும்."

"சாமி, நெய்யை நான் போன தீவாளிக்கு அடுத்தவன் எலையில பாத்ததுங்க" என்றான் சின்னான்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். கண்ணாத்தாள் முன்னால் வந்து, எந்தப் பானையில் எதைக் கட்டினேன் என்று நிதானமாகச் சொன்னாள். நம்பிக்கையில்லாத கை பட்டதால் தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்றார் சித்தர்.

"ரெண்டு பானையும் கட்டுனது இதே கைதானுங்க. ஒண்ணு வெளுத்துது, ஒண்ணு வெளுக்கலை. பன்னி எதைத் தின்னுச்சோ அதைக் காட்டுது, அவ்வளவுதான்."

அப்புசாமியின் கை தானாக மார்புக்குப் போனது.

"ஏம்புள்ள, அப்போ இத்தனை நாளா நான் தின்னதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்க. உங்க ஒடம்புலதான் இருக்குது."

அன்று இரவு அப்புசாமிக்குக் கலயத்தில் கம்மங்கூழும் கீரையும். வழித்துக் குடித்தார். நெய்ச் சொம்பு சின்னான் குடிசைக்குப் போயிற்று. சித்தர் அதற்கு முன்பே ஆற்றில் பரிசல் ஏறி அக்கரை சேர்ந்துவிட்டார். பன்றிகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

பன்றியைக் குறை சொல்லாதீர்கள். தின்றதைத் தன் ரத்தத்தில் ஒளிக்காமல் காட்டிய யோக்கியன் அந்த இடத்தில் அது ஒன்றுதான். அது என்ன தின்றது என்று கேட்கத் தோன்றாத மனிதர்கள் மாதக்கணக்கில் அதைச் சுற்றி வந்து கும்பிட்டார்கள். அடுத்த சித்தர் எந்த ஊரில் இறங்கியிருக்கிறாரோ! பானையைத் தூக்கும் முன் உங்கள் தலையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். உருமால் கட்டுவதற்கு மட்டும் அது முளைக்கவில்லை.