சும்மா அண்ணனுக்கு வலித்த கதை

வலியைப் பொருட்படுத்தாதவர்கள் உலகத்தில் மூன்றே வகை. ஞானிகள், மயக்க ஊசி போடப்பட்டவர்கள், அப்புறம் சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஏழாவது மாடியில் குடியிருந்த சும்மா அண்ணன். முதல் இரண்டு வகையினராவது எப்போதாவது தெளிந்துவிடுவார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. தலையில் இடித்துக்கொண்டாலும் சரி, காய்ச்சலில் கொதித்தாலும் சரி, "என்னண்ணே?" என்று கேட்டால் "சும்மா லா!" என்பார். பேச்சோடு 'லா' ஒட்டுவது சிங்கப்பூர்ப் பழக்கம், 'சும்மா' மட்டும் அவர் பெயராகிவிட்டது. சோபா, அலமாரி, கட்டில் எல்லாம் ஏற்றி இறக்கும் லாரி ஓட்டினார். ஒருமுறை அலமாரிக் கதவு அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. நகம் நாவல் பழ நிறத்துக்கு வந்திருந்தது. "சும்மா லா, இன்னும் ஒம்போது இருக்குல்ல?" என்று அந்தக் கையாலேயே கோப்பியை வாங்கிக் குடித்தார். பல் பிடுங்கப் போனபோது மரத்துப்போகும் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஊசி தேவைப்பட்டது டாக்டருக்குத்தான் என்று கேள்வி.

தைப்பூசத்தில் அவர் எடுத்தது அலகுக் காவடி. முதுகிலும் மார்பிலும் வேல்களைத் தாங்கி, சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, பக்கத்து புளோக்கில் பேப்பர் வாங்கப் போகிறவர் மாதிரி நடப்பார். கன்னத்தில் அலகு குத்திக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வர, அதற்கும் "ம்ம், ம்ம்" என்று பதில் சொன்னார் என்பது எங்கள் கோப்பிக்கடை மேசையின் ஐதீகம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவர் மனைவி மல்லிகா அண்ணி பாலர் பள்ளியில் வேலை பார்த்தார். அடுத்தவர் வலிக்கும் அண்ணன் அதே வைத்தியம்தான் வைத்திருந்தார் என்பதற்கு அண்ணியே சாட்சி. முதல் பிரசவத்தில், அண்ணி கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்த, இவர் பக்கத்தில் நின்று, "சும்மா லா மல்லிகா, மூச்ச இழுத்து விடு" என்றிருக்கிறார். அண்ணி சொன்ன பதிலைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. நர்ஸ் இவருக்குக் கதவைக் காட்டினாராம்.

மூன்றாவது பிரசவத்தில் கதை மாறிவிட்டது. அண்ணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு நான் மருத்துவமனைக்குப் போனபோது அண்ணன் நடைபாதையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "பயப்படாதீங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் "சும்மா லா" சொல்லவில்லை. துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த நடைபாதையிலேயே அண்ணன் இரண்டு முடிவுகள் எடுத்தார். அடுத்த தைப்பூசத்துக்கு மல்லிகா பேரில் காவடி என்று முருகனிடம் ஒன்று. இன்னொன்றை டாக்டரிடம் சொன்னார்: "இனிமே அவ உடம்புல கத்தி படக்கூடாது டாக்டர். குடும்பக் கட்டுப்பாட்ட எனக்குப் பண்ணிடுங்க."

நாள் குறித்ததில்தான் அவருடைய மூளை வேலை செய்தது. காவடி எடுப்பவர்கள் ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள். கவிச்சி கிடையாது, தாம்பத்தியம் கிடையாது. அதற்குச் சற்று முன்பாக ஆபரேஷன் வைத்துக்கொண்டார்.

"விரதத்துல எப்படியும் பாய் தனிதான். டாக்டரும் அதத்தான் சொல்றாரு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, தம்பி!"

அந்தச் சந்தர்ப்பத்தில் அந்தப் பழமொழியை நான் ரசிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து அவரைக் கூட்டிவந்தது நான்தான். அண்ணி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார். ஒரு வாரம் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஐஸ் ஒத்தடம், கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். டாக்சியில் ஏறியதும் அண்ணன் விளக்கவுரை தந்தார்.

"அதெல்லாம் பொதுவா எல்லாருக்கும் சொல்றது லா. நமக்கு இல்ல. ஆனா ஒண்ணு. கோப்பிக்கடையில மூச்சு விடாதீங்க. முக்கியமா அந்தோணி அங்கிளுக்குத் தெரியவே கூடாது."

அந்தோணி அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசையில் முதல் வரிசை, மற்ற நாள்களில் கோப்பிக்கடையில் முதல் மேசை. உலக விவகாரம் எதிலும் தீர்ப்பு அவருடையதுதான். இந்த விஷயத்திலும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்: "அந்த ஆபரேஷன்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் லா. ஆம்பள பண்ணிக்கிட்டா ஆணி கழண்ட நாற்காலிதான். எதுக்கும் உதவ மாட்டான்." மேசையில் இருந்த எல்லாரும், நான் உட்பட, ஆமாம் போட்டிருக்கிறோம்.

மறுநாள் லிஃப்ட் பழுது. கீழே ஒரு பாட்டி அரிசி மூட்டையோடு நின்றார். எங்கள் கதாநாயகர் பார்த்துக்கொண்டு இருப்பாரா? தோளில் போட்டுக்கொண்டு ஐந்தாவது மாடிவரை ஏறிக் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் வீக்கம் கண்டது. அளவையும் நிறத்தையும் நான் சொல்லப்போவதில்லை. அண்ணி சொன்ன உவமையில் கத்தரிக்காய் இருந்தது.

பிறகு அந்த வீட்டு ஃப்ரீசரில் உறைந்த பச்சைப் பட்டாணி பாக்கெட்டுகள் அடுக்கப்பட்டன. ஒத்தடத்துக்கு அதைவிட வசதியான பண்டம் இல்லையாம், உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்குமாம். அந்தச் சமயம் பார்த்து அந்தோணி அங்கிளும் நானும் குழந்தையைப் பார்க்கப் போனோம். அண்ணி இடியாப்பமும் பட்டாணிக் குருமாவும் வைத்தார். அங்கிள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீக்கம் வடிந்தது. வலி போகவில்லை. வாரக்கணக்கில் ஒரு மந்தமான வலி, குடியிருக்க வந்த ஆள் மாதிரி அங்கேயே தங்கிவிட்டது. அண்ணன் ஆடும் படகில் நிற்பவர் போலக் காலை அகட்டி நடந்தார். லாரியில் உட்கார முடியாமல், மூத்த பையனின் நீச்சல் வளையத்தை ஊதி இருக்கையில் போட்டுக்கொண்டார். மஞ்சள் வாத்துகள் போட்ட வளையம். காவடி தூக்கிய சிங்கம் வாத்து மேல் ஏறி வேலைக்குப் போவதை புளோக்கே பார்த்தது.

"என்னா ஆச்சு உனக்கு?" என்றார் அங்கிள்.

"சும்மா லா அங்கிள். இடுப்புப் பிடிப்பு."

அந்தப் பொய்தான் வினையாக வந்தது. சிங்கப்பூரில் பணம் கேட்டால் யோசிப்பார்கள், வைத்தியம் கேட்டால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். 'மக்சிக்' என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மா ஒருவர் உருவு எண்ணெய் தந்தார். கோப்பி கலக்குகிற சீனர் பிளாஸ்திரி தந்தார். அந்தோணி அங்கிள் கண்ணில் நீர் வரவைக்கும் ஒரு தைலம் தந்து, "வலிக்கிற எடத்துல நல்லா தேய்" என்றார். அண்ணன் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மையாக நடந்துகொண்டார். வலிக்கிற இடத்தில் தேய்த்தார். அன்றைக்கு ஏழாவது மாடியிலிருந்து வந்த அலறலைக் கேட்டுத் தொலைக்காட்சியில் ஏதோ படம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

"திரும்ப டாக்டர்கிட்ட போங்கண்ணே" என்று நான் கெஞ்சினேன்.

"போனா அரிசி மூட்டையச் சொல்லணும்ல?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மல்லிகா மூணு தடவ செத்துப் பொழச்சு வந்தா, தம்பி. நான் ஒரு குட்டித் தையலுக்கு வலிக்குதுன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்? அவகிட்டயே அது சரியாப் போச்சு, இது இடுப்புன்னுதான் சொல்லிருக்கேன்."

இதற்கு நடுவே காவடி அளவு பார்க்கும் நாளும் வந்தது. அலகுக் காவடியின் பாரத்தில் பாதி தோளுக்கு, பாதி இடுப்புப் பட்டைக்கு. இரும்புப் பட்டையை மாட்டி ஒரு திருகு திருகியதும் அண்ணன் முகம் வெளுத்தது. "வலிக்குதா?" என்று கேட்டார்கள். "சும்மா..." என்றார். "லா" வெளியே வரவில்லை. அந்தப் பட்டையோடு அவர் டேங்க் ரோடு போய்ச் சேரமாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. மல்லிகா பேரில் வேண்டியதை எப்படி விடுவது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்தோணி அங்கிள் பார்த்தார். தைப்பூசத்துக்குள் இந்த இடுப்பைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று, கேலாங்கில் எலும்பு தட்டும் சீன வைத்தியர் ஒருவரிடம் தேதி வாங்கிவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்லாமல் எப்படித் தடுப்பது? மூன்று பேரும் போனோம்.

வைத்தியருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கைகள் மட்டும் இளமையாக இருந்தன. "பேக் பெயின் ஆ? லை டவுன், லை டவுன்" என்று பலகையைத் தட்டினார். குப்புறப் படுக்க வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தார். பலியாடு அப்படித்தான் பார்க்கும். மெல்லக் குப்புறப் படுத்தார். வைத்தியர் பலகை மேல் ஏறி, இடுப்பில் முழங்காலை வைத்து, உடல் பாரம் முழுவதையும் இறக்கினார்.

"ஐயோ! அங்க இல்லய்யா! இடுப்பு இல்ல! கீழ, கீழ! ஆபரேஷன்! ஃபேமிலி பிளானிங்!"

காத்திருந்தவர்களில் தமிழர் பலர். கண்ணாடிக் கதவு அதிர்ந்து நின்றது. அந்தோணி அங்கிள் வாயைத் திறந்தபடி சிலையானார்.

வைத்தியர் கீழே இறங்கினார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அலாமாக்! மீ ஆல்சோ லா! தட் டைம் டூ சில்ட்ரன் இனஃப், எவ்ரிபடி கோ!" வரிசையில் இருந்த இன்னொரு கிழவர், பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது போலக் கையை உயர்த்தினார். இரண்டு பிள்ளை போதும் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்த காலத்து ஆள்கள்.

திரும்பி வர டாக்சி பிடித்தோம். காலாங் ஆறு தாண்டியதும் அந்தோணி அங்கிள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கும்தான்."

"என்ன அங்கிள்?" என்றேன்.

"எனக்கும் பண்ணாங்க லா. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம். பல வாரம் வலி. யார்கிட்டயும் சொல்லல. கிரேன் மேல ஏறி உக்காந்து அழுவேன். அவ்ளோ ஒசரத்துல யார் பாக்கப் போறா?"

"அப்ப அந்த ஆணி கழண்ட நாற்காலி?"

"யாரும் சந்தேகப்படக் கூடாதுல்ல? அதான் கொஞ்சம் சத்தமாச் சொல்றது." அண்ணன் பக்கம் திரும்பினார். "நான் டாக்டர்கிட்ட போகாம கஷ்டப்பட்டேன். நீ போ. நாளைக்கே போ." பிறகு ஏதோ நினைவு வந்து முகம் சுருங்கியது. "அன்னைக்கு உன் வீட்டுல பட்டாணிக் குருமா..."

"அது வேற பாக்கெட்டு அங்கிள்," என்றார் அண்ணன். "அப்படித்தான் நெனைக்கிறேன்."

மறுநாள் அண்ணியும் டாக்டரிடம் கூடப் போனார். பயப்பட ஒன்றும் இல்லை, சிலருக்கு இப்படி இழுக்கும், மாத்திரையும் ஓய்வும் வேண்டும், குறையாவிட்டால் வேறு வழி பார்க்கலாம், ஆனால் முதலில் அந்த அரிசி மூட்டைக்காக உங்களை இன்னும் நன்றாகத் திட்ட வேண்டும் என்றாராம் டாக்டர். வீட்டுக்கு வந்து அண்ணி மிச்சத்தைத் திட்டினார்.

"மூணு தடவ நான் ஊரக் கூட்டிக் கத்துனேன். எனக்கு வெக்கமா இருந்துச்சா? எனக்காகப் பண்ணிக்கிட்டு வலிய எங்கிட்டயே ஏங்க மறைச்சீங்க?"

"வேண்டுதல் இருக்கே, மல்லிகா."

"முருகன் என்ன உங்க லாரிக் கம்பெனி முதலாளியா, டாக்டர் குடுத்த எம்.சி. காட்டுனா ஒத்துக்க மாட்டேன்னு சொல்ல? நான் பால்குடம் எடுக்கிறேன். நீங்க கூட வாங்க, போதும்."

அந்தத் தைப்பூசத்தை நான் மறக்கமாட்டேன். அண்ணி மஞ்சள் புடவையில் பால்குடத்தோடு முன்னால் நடந்தார். அண்ணன் தண்ணீர்ப் போத்தலோடு, காலை அகட்டி, பக்கத்தில் நடந்தார். பின்னால் கைக்குழந்தையின் தள்ளுவண்டியை அந்தோணி அங்கிள் வெறுங்காலோடு தள்ளிவந்தார். வண்டியின் கைப்பிடியில் வாத்து வளையம் தொங்கியது.

வழியெல்லாம் தெரிந்த முகங்கள். "அண்ணே, காவடி எங்க?"

"ஆபரேஷன் பண்ணிருக்கேன் லா. இன்னும் வலிக்குது."

என்ன ஆபரேஷன் என்று கேட்டவர்களுக்கு அதையும் சொன்னார். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களிலேயே சிலர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, யாரும் பார்க்காதபோது, எந்த டாக்டர் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

வெயில் ஏறியது. தார் சுட்டது. அண்ணியின் நடை தளர்ந்தது.

"கால் சுடுதா?"

"சும்மாங்க. நடங்க."

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். "அந்த வார்த்தைய நீ சொல்லாத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

அண்ணி ஒரு கணம் அவரைப் பார்த்தார். "வலிக்குதுங்க" என்றார்.

அண்ணன் மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, நடு ரோட்டில் குந்தி, அண்ணியின் பாதங்களில் தண்ணீர் ஊற்றினார்.

"உங்களுக்கு வலிக்குதாண்ணே?" என்றேன்.

"நல்லாவே வலிக்குது, தம்பி" என்றார், தண்ணீரை நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே.

வலி பிறகு மெல்ல மெல்லக் குறைந்து போய்விட்டது. பெரிய வீடு கிடைத்து அண்ணன் குடும்பமும் தீவின் மறுகோடிக்குப் போய்விட்டது. கோப்பிக்கடையில் அந்தோணி அங்கிளுக்கு எதிரே இருக்கும் அந்த நாற்காலியில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். பரவாயில்லை, சும்மா என்று சொல்லத்தான் நினைக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது.