நாக்குக்கு அளவு

"நாக்கை நீட்டு கண்ணு."

தையற்காரர் முட்டி போட்டு, மகளின் வாய்க்கு நேராக இஞ்ச் டேப்பைப் பிடித்தார். ஏழு வயது மகள் தம் கட்டி நீட்டினாள். நாக்கின் நுனி மட்டும் உதட்டைத் தாண்டியது.

"கால் இஞ்ச்தான்."

"அதைத்தானே பல் டாக்டரும் சொன்னாரு" என்றாள் மனைவி. "நாக்கு அடியில இழுத்துக் கட்டினாப்பல இருக்கு. மேல அண்ணத்துல ஒட்ட மாட்டேங்குது. அதான் அண்ணம் குறுகி, பல்லெல்லாம் இடம் பத்தாம முண்டியடிக்குது. மூக்குக்குப் பின்னாடி வளந்த சதைக்கு இப்போதைக்குச் சொட்டு மருந்து போதுமாம். நாக்குக்கு மட்டும் சின்னதா ஒரு வெட்டு."

வெட்டு என்றதும் அவர் டேப்போடு எழுந்துவிட்டார். நாள் முழுக்கக் கத்தரிக்கோலும் கையுமாக இருப்பவர்தான். ஆனால் துணி வேறு, பெற்ற பிள்ளையின் நாக்கு வேறு.

கடைக் கண்ணாடி முன் நின்று தன் நாக்கை அளந்தார். அதுவும் கால் இஞ்ச். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? எனக்கும் இதே அளவு. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க விடுற குறட்டையில எதிர்வீட்டுக்காரங்களே வீட்டை மாத்திட்டாங்க. என் நாக்கைப் பாருங்க, எவ்வளவு தூரம் வருதுன்னு."

"உன் நாக்கு நீளம்னு கல்யாணமான மறுநாளே தெரியும்" என்று போனை எடுத்தார்.

சாயங்காலமே அண்ணன், தம்பி, அக்கா, அத்தை என்று கடை நிறைந்துவிட்டது. வரிசையாக நாக்கை அளந்து, பெயரோடு அளவு நோட்டில் எழுதினார். ஒன்றுகூட அரை இஞ்சைத் தொடவில்லை. சட்டை தைக்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

"நம்ம குடும்பத்துல ஐஸ்கிரீமை யாருடா நக்கித் தின்னுருக்கா? எல்லாருக்கும் ஸ்பூன்தானே" என்றாள் அக்கா.

"இது நம்ம பரம்பரை அளவு. நாளைக்கு எல்லாரும் டாக்டர் முன்னாடி நாக்கை நீட்டுறோம், என் பிள்ளையைக் காப்பாத்துறோம்" என்றார் தையற்காரர்.

மனைவி, ஆச்சரியமாக, உடனே தலையாட்டினாள்.

"நல்ல யோசனைங்க. நோட்டைக் குடுங்க. நான் பாப்பாவோட முன்னாடி போய் டோக்கன் போட்டு வைக்கிறேன். நீங்க இவங்களை நிதானமா கூட்டிட்டு வாங்க."

மறுநாள் படை கிளம்பியது. அத்தை மறந்துவிட்டு வந்த பல்செட்டை எடுக்கத் திரும்பிப் போனதில் ஒரு மணி நேரம் போயிற்று. பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி ஒரு மூலையில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் ஐஸ் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். தையற்காரருக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

"எங்க டாக்டர்? என் பிள்ளை மேல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு நாக்கையும் பார்க்கட்டும்."

ஐந்து பேரும் வரிசையாக நின்று நாக்கை நீட்டினார்கள். டோக்கன் கொடுக்கும் பெண் அளவு நோட்டைத் திறந்து, பெயர்களைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாப்பாவுக்குக் காலையிலேயே முடிஞ்சிடுச்சு சார், ரெண்டே நிமிஷம்; உங்க மேடம் இந்த நோட்டைக் காட்டி உங்க அஞ்சு பேருக்கும் அதே வெட்டுக்குத்தான் டோக்கன் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க, முதல்ல யாரு உள்ள வர்றீங்க?"