நேசையன் பச்சைக் கொடி கொண்ட படலம்

வாழி! கோடைப் பாலையில் குளிர் வார்க்கும் கொண்டலே, ஏசி எந்திரத்தின் இருமலைக் கேட்டே அதன் நோய் சொல்லும் நுண்செவியனே, குளச்சல் கடற்கரையில் தோன்றி அஜ்மானின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் செங்கோல் ஓச்சும் கொற்றவனே, மனைவி டியூட்டிக்குப் போன நேரத்தில் மட்டும் அப்படி ஓச்சுபவனே, நேசையனே, நீ வாழி! உன் வெஞ்சமரை உரைக்கப் புகுந்தேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இனி வருவது போர்.

அயர்லாந்து என்னும் மழைத்தீவின் மாந்தர் எங்கே பிழைக்கப் போனாலும் தங்கள் பந்தையும் கூடவே கொண்டுபோவார்கள். கையால் பிடிக்கவும் காலால் உதைக்கவும் இடம் தரும் அந்த ஆட்டத்துக்குக் கேலிக் ஃபுட்பால் என்று பெயர். வளைகுடா நாடுகளுக்கு டீச்சராகவும் நர்ஸாகவும் வந்து இறங்கிய அவர்கள், துபாய், தோஹா, பஹ்ரைன், மஸ்கட் என ஊர்தோறும் சங்கம் நிறுவி, சங்கந்தோறும் அணி வகுத்து, அணிக்கு ஆள் போதாமல் தவித்து, கடைசியில் கூட வேலை பார்க்கும் நம்மூர் நர்ஸுகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அப்படி இழுக்கப்பட்டவள்தான் நேசையனின் இல்லக்கிழத்தி சுகிர்தராணி. ஆறு மாதமாகச் செவ்வாய்தோறும் பயிற்சிக்குப் போய்வந்தாள். ஒரு செவ்வாய்கூட நேசையன் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தக் குற்றம் அவன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த வேளையில்தான், புதியவர் கோப்பைக்கான போட்டிநாள் குறிக்கப்பட்டது. ஆட வரும் பெண்ணுக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்தால், அவனுக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக் கோல் கம்பத்தடியில் உம்பயராக நிறுத்திவிடுவது அந்தச் சங்கத்தின் மாறா வழக்கம். அங்கே கம்பம் இரண்டு, குறுக்கே ஒரு கம்பி. பந்து கம்பிக்கு மேலே பறந்தால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கம்பிக்குக் கீழே வலைக்குள் புகுந்தால் கோல், மூன்று புள்ளி, பச்சைக் கொடி. கம்பத்துக்கு ஒரு உம்பயர், ஆளுக்கு ஒரு கொடி. இதைக் கேட்டதும் சுகிர்தராணி, இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆணை ஒன்று பிறப்பித்தாள்.

“நான் கோல் போட்டா பச்சக் கொடிய நீங்கதான் வீசணும், கேட்டியளா? வேற ஆரு வீசினாலும் எனக்க மொகத்துல முழிக்காண்டாம்.”

வீசுவேன் என்று வேதப் புத்தகத்தின்மேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தான் நேசையன்.

சனிக்கிழமை புலர்ந்தது. புல்வெளி என்னும் போர்க்களம் புகுந்த நேசையன், கணுக்கால்வரை தொங்கிய வெள்ளைக் கோட்டுடன் பூசைக்குப் புறப்பட்ட சாமியாரைப் போலக் கம்பத்தை நோக்கி நடந்தான். நடந்தவன் திடுக்கிட்டு நின்றான். ஐயகோ! அதே கோலின் அடுத்த கம்பத்தடியில், அதே வெள்ளைக் கோட்டைத் தன் உடம்புக்கு மட்டும் கச்சிதமாக வெட்டித் தைத்து அணிந்து, கையில் பச்சைக் கொடியோடு புன்னகை பூத்து நின்றான் ஒருவன். அவன்தான் துபாய் சத்வாக் கடைத்தெருவின் ஊசிவேந்தன், நூற்கண்டுநாயகன், கீழக்கரை ஈன்ற கத்தரிக்கோல் காளை, கௌஸ் முகைதீன். சங்கத்துக்கு ஜெர்ஸி தைப்பவன், கோட்டு தைப்பவன், ஆள் போதாதபோது தானும் வந்து நிற்பவன்.

“பாய், அந்தப் பச்சைய இஞ்ச தாங்க. எனக்க வீட்டுக்காரி வெளயாடுகா” என்றான் நேசையன்.

“அதெப்படி காக்கா? இந்தக் கொடிய தச்சவன் யாரு? நானு. ஓரம் மடிச்சு ரெட்டத் தையல் போட்டது யாரு? நானு. காலையிலருந்து மூணு மேட்சு நின்னுட்டேன், ஒரு தடவகூட வீசல. வீசாம விடமாட்டேன்” என்றான், அண்ணனைக் காக்கா என்றழைக்கும் அந்தக் கீழக்கரைக்காரன்.

போர் மூண்டது. அறம் சார்ந்த வழியில் முதலில் கெஞ்சினான் நேசையன், பயனில்லை. பொருள் சார்ந்த வழியில் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை நீட்டினான். கௌஸ் முகைதீன் பழத்தைத் தின்றான், கொட்டையைத் துப்பினான், கொடியைத் தரவில்லை. வஞ்ச வழியில், கௌஸ் முகைதீன் தண்ணீர் குடிக்க அண்ணாந்த கணத்தில், பூனைநடை நடந்து கொடிக் காம்பில் கைவைத்தான். அண்ணாந்த வாக்கிலேயே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான் அந்தக் கள்வனினும் விழிப்பான தையல்காரன். இதற்கிடையே கம்பிக்கு மேலே பந்து பறந்தவண்ணம் இருக்க, பதினேழு முறை வெள்ளைக் கொடியை வீசி வீசி நேசையனின் வலத்தோள் கழன்று விழாத குறை. வெள்ளையே விதிக்கப்பட்டவனின் வேதனையை யாரிடம் சொல்ல?

இறுதி ஆட்டம் வந்தது. துபாய் நர்ஸுகளுக்கும் பஹ்ரைன் டீச்சர்களுக்கும். இரண்டாம் பாதியில் சுகிர்தராணியின் துபாய் அணி நேசையன் நின்ற கம்பத்தை நோக்கித் தாக்கியது. சிவந்த முகமும் அவிழ்ந்த கொண்டையுமாக அவள் ஓடிய ஓட்டத்தைக் கண்டு நேசையன் வாய்பிளந்தான். சந்தைக்குப் போனால் மூட்டு வலிக்கிறது என்பவளா இவள்? அவனுக்குப் பெருமை பொங்கியது. ஒரு செவ்வாயாவது வந்து பார்த்திருக்கலாமே என்று வெட்கமும் வந்தது.

அப்போதுதான் ஒலித்தது அஸர் தொழுகைக்கான பாங்கு. கௌஸ் முகைதீன் வானத்தைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், நெடுமூச்சு விட்டான்.

“பிடிங்க காக்கா. தொழுதுட்டு ஓடி வந்துர்றேன். அதுக்குள்ள கோல் விழுந்தா அது உங்க நசீபு” என்று பச்சைக் கொடியை நீட்டினான்.

எட்டுத்திக்கும் முரசு முழங்கியதாக நேசையன் செவிக்குப் பட்டது. வெள்ளையைத் தரையில் குத்திவிட்டு, பச்சையை இரு கையாலும் ஏந்தி, கம்பத்தோடு கம்பமாய் விறைத்து நின்றான். ஆட்டம் முடிய ஒரு நிமிடம். துபாய் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு கோல் விழுந்தால் கோப்பை அவர்களுக்கு.

எங்கிருந்தோ ஓர் அயர்லாந்துக்காரி பந்தை ஓங்கி உதைத்தாள். அது விண்ணளந்து வளைந்து வந்தது. கோல் வாயில் கூடிய கைகளுக்கு நடுவே எழுந்த ஒற்றைக் கை சுகிர்தராணியுடையது. பறித்தாள், திரும்பினாள், உதைத்தாள். வலை விம்மியது! களம் அதிர்ந்தது! நேசையனின் கொடி இடுப்புவரை எழுந்தது.

எழுந்தது, நின்றது.

ஏனென்றால் அந்த ஆட்டத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. கோல் வாயிலுக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பால் சிறு கட்டம் ஒன்று போட்டிருப்பார்கள். தோழி பந்தை உதைத்து அனுப்பும் முன்பே அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றவள் போடும் கோல் செல்லாது. பந்து கிளம்பிய கணத்தில் சுகிர்தராணி கட்டத்துக்குள் ஓரடி உள்ளே நின்றதைப் பார்த்தவன், உலகத்தில் ஒரே ஒருவன். பாழாய்ப்போன அந்த ஆண்மகன் அவளை விட்டு வேறெங்கும் பார்க்கவே இல்லையே!

ரெஃபரி ஓடி வந்து கேட்டார். உள்ளேயா, வெளியேயா? சுகிர்தராணி கைதூக்கிக் குதித்தபடி கணவனையே பார்த்தாள். பொய் சொல்ல நேசையன் வாயைத் திறந்தான். ஆண்டவரே, என் நாக்கே, ஒரே ஒரு தடவை! இருபது வருடமாக ஏசியில் கேஸ் இருக்கும்போது இல்லை என்று சொல்லிக் காசு வாங்கத் தெரியாத அந்தப் பிழைக்கத் தெரியாத வாயிலிருந்து, “உள்ள சார். ஒரு அடி உள்ள” என்றே வந்தது.

விசில் ஒலித்தது. கோல் போயிற்று, கோப்பை பஹ்ரைனுக்குப் போயிற்று. தொழுகை முடித்து ஓடி வந்த கௌஸ் முகைதீன் நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அல்லாவே, இதுக்கா இம்புட்டு நேரமா என்கூட சண்ட போட்டீங்க? அந்த பேரீச்சம்பழத்த வேணா திருப்பித் தந்துரட்டா காக்கா?”

சுகிர்தராணி மெதுவாக நடந்து வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அதுவே நேசையனுக்குப் பெரும் பீதியாக இருந்தது.

“நான் உள்ளதான் நின்னேன். அது எனக்கும் தெரியும்” என்றாள்.

“பின்ன என்னட்டி?” என்றான் நேசையன், உயிர் திரும்பியவனாக.

“ஆறு மாசமா ஒரு நாளு எட்டிப் பாக்காத மனுசன், இண்ணைக்குன்னு பாத்து ஒரு நிமிசம் கண்ண மூடி நின்னிருக்கப்பிடாதா?”

வெண்கோட்டு வேந்தன், விண்தொடு கம்பத்தின் காவலன், பொன்னினும் அரிய பசுங்கொடியைப் போராடிப் பெற்றும் வீசாது மடித்த வாய்மை வள்ளல், கார் நிறுத்துமிடம் நோக்கி மெல்ல நடந்து, தேவியார் அமரவெனத் தன் பக்கத்து இருக்கையின் கதவை அகலத் திறந்து, தலைவணங்கி நின்றான்.

சுகிர்தராணி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.